இரண்டு ‘அவங்க’

அலுவலகத்தில் அவளைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு கேள்வியைப் போட்டு மாட்டிவிடுவாள் என்பதால் வந்த பெயர். புலனாய்வுச் செய்தி எழுதிப் பிழைக்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அன்று காலை பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, முதல் பக்கம் முழுக்க வந்திருந்த தன் செய்தியைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவைப் பற்றிய செய்தி. சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரங்கள் அங்கே இருந்தன. அந்த இயந்திரங்களுக்குப் போகிற தண்ணீரை வடிகட்டும் ஃபில்டர் கெட்டுப்போய் வெகுநாளாகியிருந்தது. ஆனால் காகிதத்தில் மட்டும் மாதம் தவறாமல் புதிதாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கெட்ட தண்ணீர் உடம்புக்குள் போய், படுக்கையிலேயே குளிர்காய்ச்சல் கண்டு மூன்று பேர் செத்துப்போயிருந்தார்கள்.

இதை வெளியே கொண்டுவந்ததில் மாப்பிள்ளைக்கும் பங்கு உண்டு. மாப்பிள்ளை ஆள் இல்லை. அலுவலகத்தில் வாங்கிப் போட்டிருந்த ஏஐ. அது எதைச் சொன்னாலும் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை, அது கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிட வேண்டும் என்று எல்லோரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் கொக்கிதான் அந்தப் பெயரை வைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, வேலை என்று வந்தால் மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான். அரிசி மூட்டை மாதிரி அடுக்கி வைத்திருந்த ரசீதுகளைப் படமெடுத்துக் கொடுத்ததும், ஒரே ஃபில்டரை, ஒரே தயாரிப்பு எண்ணோடு, திரும்பத் திரும்பப் புதிதாக வாங்கியதாகக் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரே பிற்பகலில் எடுத்துக் கொடுத்துவிட்டது. தனியாக உட்கார்ந்திருந்தால் அவளுக்கு அரை வருஷம் ஓடியிருக்கும். ஆனால் அது சொன்னதை அப்படியே விழுங்கிவிடவில்லை கொக்கி. சொன்ன ஒவ்வொரு ரசீதையும் கட்டிலிருந்து உருவி, எண்ணின் மேல் விரலை வைத்து, தானே படித்துப் பார்த்த பிறகுதான் எழுதினாள்.

இரண்டாம் பக்கத்துக்கு வந்தாள். அங்கே ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. அவள் பெட்டிச் செய்தி எதுவும் எழுதவில்லை.

‘ஃபில்டரை மாற்றும்படி நிர்வாகம் கூறியும், பராமரிப்பு மெக்கானிக், ஓடும் வரை ஓடட்டும் என்று மறுத்துவிட்டதாக, அந்தப் பிரிவில் பணியாற்றும் ஒருவர் நம்மிடம் வேதனையுடன் தெரிவித்தார்.’

கொக்கி அதை மறுபடி படித்தாள். ஒரு வரிகூட விடாமல் எல்லாம் தலைகீழாக இருந்தது. வேதனையுடன் என்ற சொல் மட்டும் சரி. அந்த மருத்துவமனையில் பராமரிப்பு மெக்கானிக் என்று இருப்பது ஒரே ஆள். அந்த ஆளுடைய மனைவிதான் உள்ளேயிருந்து கொக்கியிடம் பேசிய டயாலிசிஸ் டெக்னீஷியன். புருஷன் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் ஃபில்டரை மாற்ற மாட்டேன் என்கிறார்கள், அவர் வெளியே பேசப் பயப்படுகிறார், நான் பேசுகிறேன் என்று துணிந்து வந்தவள். பெயர் வராது, ஊர் அறியாது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தது கொக்கி.

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, டெக்னீஷியனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அணைத்து வைத்திருந்தது.

ஆசிரியர் அறைக்குள் கொக்கி கதவைத் தட்டிவிட்டு நுழைகிற வழக்கம் உண்டு. அன்று தட்டவில்லை.

“பெட்டி யார் சார் போட்டது?”

ஆசிரியர் நல்ல மனிதர். அதுதான் அவரிடம் உள்ள பெரிய தொல்லை. முழு வேகத்தில் திட்ட முடியாது. “உட்காரும்மா. கொஞ்சம் இடம் மிச்சமிருந்துச்சு. உள்ளே இருக்கற ஒருத்தரோட குரல் இருந்தா நல்லா இருக்குமேன்னு பார்த்தேன். உன் ரெக்கார்டிங் ஃபோல்டர்லயே இருந்துச்சு. மாப்பிள்ளைகிட்ட விட்டேன். கேட்டு எழுதிக் குடுத்துடுச்சு.”

“யாரு கேட்டது?”

“அதான் சொன்னேனே. மாப்பிள்ளை.”

“காது இருக்கறவங்க யாரு கேட்டதுன்னு கேக்கறேன்.”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் எதுவும் இல்லை. “பக்கம் முடிக்கற நேரம். திருத்தறதுக்கு முன்னாடி மாதிரி ஆளா இருக்கு? நீயும் பாவம், நாள்கணக்காத் தூங்கலை. எழுப்ப வேண்டாம்னு விட்டேன்.”

இந்தக் கரிசனம்தான் கொக்கிக்கு எரிச்சலைக் கிளப்பியது. தூக்கம் கெட்டுவிடுமே என்று பார்த்தாராம். ஒரு குடும்பம் கெட்டுப்போனது.

அவள் பதிவை எழுத்தாக்கிய பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். நடந்த கூத்து பளிச்சென்று தெரிந்தது. நிர்வாகத்துல என்ன பண்ணாங்க என்று கொக்கி கேட்டிருக்கிறாள். டெக்னீஷியன் சொல்லியிருக்கிறாள்: ‘அவங்க மாத்தச் சொன்னாங்கக்கா. அவங்கதான் இப்ப வேணாம், ஓடற வரைக்கும் ஓடட்டும்னுட்டாங்க.’

முதல் ‘அவங்க’ அவள் புருஷன். அவள் அவரை வேறு எப்படியும் சொல்ல மாட்டாள். அதைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்து, சற்றே இளகும். இரண்டாவது ‘அவங்க’ நிர்வாகம். அந்த ‘தான்’ பல்லுக்கிடையில் கடிபட்டு வெளியே வரும். எதிரில் உட்கார்ந்திருந்த கொக்கிக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வந்ததில்லை. கேள்வி நிர்வாகத்தைப் பற்றியது, ஆகவே முதல் ‘அவங்க’ நிர்வாகம் என்று மாப்பிள்ளை முடிவுகட்டிவிட்டார். மரியாதைக்கு ஒருவரைப் பலராக்குகிற மொழி இது. குரலை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பிடித்தால் யார் யாரென்று தெரியாது. மனிதனாயிருந்தால் சந்தேகம் வந்திருக்கும், அவங்கன்னா யாரு என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். மாப்பிள்ளைக்குச் சந்தேகமே வராது. தெரியாததையும் தெரிந்தது போலவே அதே அழகான நடையில் எழுதித் தந்துவிடுவார்.

“ஐயையோ” என்றார் ஆசிரியர். மெதுவாகத்தான் சொன்னார்.

அதற்குள் மருத்துவமனை சும்மா இருக்கவில்லை. முதல் பக்கத்துச் செய்தி முழுக்கப் பொய் என்று ஓர் அறிக்கை விட்டது. அதே மூச்சில் இரண்டாம் பக்கத்துப் பெட்டியை மட்டும் வெட்டி எடுத்து, பத்திரிகையே உண்மையைச் சொல்லிவிட்டது பாருங்கள் என்று காவல் நிலையத்தில் கொடுத்தது. மெக்கானிக்கை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தாயிற்று. மதியத்துக்கு முன் போலீஸ் வந்து விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூன்று சாவுக்கும் சேர்த்து ஒரு கழுத்து கிடைத்துவிட்டது அவர்களுக்கு. மறுநாள் காலை சுகாதாரத் துறை விசாரணை. அங்கே இந்தப் பெட்டி நிலைத்துவிட்டால் அந்த மனிதர் வீடு திரும்பப் பல வருஷம் ஆகும்.

மதியம் டெக்னீஷியன் வந்தாள். வேலை முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். அவள்தான் பேசியவள் என்று மருத்துவமனைக்கு இன்னும் தெரியாது. புருஷனைக் கூட்டிக்கொண்டு போன பிறகும் நாலு பேருக்கு ஊசி ஏற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். கொக்கி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

“மேடம், அதை எழுதினது யாரு?”

இத்தனை நாளும் அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேடம் என்றதும் கொக்கிக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் ஆசிரியர் முந்திக்கொண்டார்.

“சிஸ்டத்துல ஒரு சின்ன குழப்பம்மா. நாங்க உடனே…”

“எழுதினது யாருன்னு கேட்டேன் சார்.”

“யாரும் எழுதலை” என்றாள் கொக்கி. “மெஷின் எழுதுச்சு. படிச்சுப் பார்க்க வேண்டியவங்க படிக்கலை.”

டெக்னீஷியன் ஆசிரியரையே பார்த்தாள். பிறகு, அன்று கொக்கியிடம் சொன்னதை, ‘அக்கா’வைத் தவிர ஒரு சொல்கூட மாறாமல், அப்படியே சொன்னாள். “அவங்க மாத்தச் சொன்னாங்க. அவங்கதான் இப்ப வேணாம், ஓடற வரைக்கும் ஓடட்டும்னுட்டாங்க. உங்களுக்கு இது புரியுதா சார்?”

“புரியுதும்மா.”

“மேடத்துக்கும் அன்னிக்கே புரிஞ்சுது. அப்ப யாருக்குப் புரியலை? புரியாத ஒண்ணுகிட்ட எதுக்கு எங்க வீட்டுக்காரரைக் குடுத்தீங்க?”

கொக்கிக்கு அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது, தன்னையும் சேர்த்துத்தான். மூலப்பதிவை எல்லோரும் திறக்கிற இடத்தில் போட்டு வைத்தது யார்?

“ரெக்கார்டிங்கை விசாரணையில குடுத்துடலாம்” என்றாள். “கேட்டாங்கன்னா அவரை விட்டுடுவாங்க. ஆனா பேசினது நீங்கதான்னு தெரிஞ்சுடும். வேலை போயிடும். கேஸ்கூடப் போடுவாங்க.”

“குடுங்க.”

“ஒரு தடவை யோசிச்சு…”

“யோசிச்சுத்தான் மேடம் உங்ககிட்ட வந்தேன். அந்த யோசனைக்கு என்ன கிடைச்சுதுன்னு பார்த்தீங்கல்ல. குடுங்க.”

அவள் காவல் நிலையத்துக்குக் கிளம்பிப் போனதும் திருத்தச் செய்தியைப் பற்றிய சண்டை ஆரம்பமானது. மெஷின் எழுதியது என்று ஒப்புக்கொண்டால் எல்லாமே போய்விடும் என்றார் ஆசிரியர். “பெட்டியை மெஷின் எழுதுச்சுன்னா, பில்லையும் மெஷின்தான் கட்டிவிட்டுச்சும்பாங்க. மூணு பேர் செத்தது, நீ ராப்பகலா அலைஞ்சது, ஒண்ணும் நிக்காது. யோசிச்சுப் பாரு.”

அது வெறும் சப்பைக்கட்டு என்று தள்ளிவிட முடியாது என்பதுதான் கொக்கிக்கு இன்னும் கோபம். “பில்லை மெஷின் காட்டுச்சு, நான் பார்த்தேன். ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். பெட்டியை மெஷின் எழுதுச்சு, ஒருத்தரும் பார்க்கலை. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் அது மட்டும்தான் சார். அதையும் மறைச்சுட்டா நம்மகிட்ட வேற என்ன இருக்கு?”

“சரி, இப்படிப் போடலாமா? ‘நேற்றைய பெட்டிச் செய்தியில் தவறு நேர்ந்துவிட்டது. வருந்துகிறோம்.’”

“நேர்றதுக்கு அது என்ன மழையா? செஞ்சோம் சார். உட்கார்ந்து செஞ்சோம்.”

கடைசியில் அவளே எழுதினாள். ‘நாங்கள் தவறு செய்தோம். ஃபில்டரை மாற்றச் சொன்னவர் மெக்கானிக். மறுத்தது நிர்வாகம். பேச்சுப் பதிவை யாரும் காது கொடுத்துக் கேட்காமல், இயந்திரம் எழுதியதை அப்படியே அச்சிட்டோம். ரசீதுகள் எங்கள் நிருபர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவை, அவற்றில் மாற்றமில்லை.’ முதல் பக்கத்தில், கட்டம் கட்டிப் போட வேண்டும் என்றாள். ஆசிரியர் நெடுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டுத் தலையாட்டினார். பதிவை அன்று மாலையே விசாரணை அதிகாரிக்கு அனுப்பினாள் கொக்கி.

மறுநாள் காலை விசாரணை நடக்கிற கட்டடத்தின் வாசலில் பத்திரிகையை வாங்கிப் பிரித்தாள். முதல் பக்கம்தான். கட்டமும் இருந்தது. உள்ளே இருந்தது ஒரே வரி: ‘நேற்றைய பெட்டிச் செய்தியில் எதிர்பாராத விதமாகத் தவறு நேர்ந்துவிட்டது; வாசகர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்.’

நின்ற இடத்திலிருந்தே ஆசிரியருக்குப் போன் போட்டாள்.

“நீளமா இருந்துச்சும்மா. இடம் பத்தலை” என்றார் ஆசிரியர். “கொஞ்சம் சுருக்கித் தரச் சொல்லி மாப்பிள்ளைகிட்டக் குடுத்தேன்.”

கொக்கி துண்டித்தாள். பேசியிருந்தால் அந்த வாசலில் நின்ற காவலாளி காதைப் பொத்திக்கொண்டிருப்பார்.

விசாரணை அறை சின்னது. காகிதக் கட்டுகள் ஜன்னலை முக்கால்வாசி மறைத்திருந்தன. அதிகாரி வேலைச் சுமையில் முதுகு வளைந்த மனிதர். பக்கத்து நாற்காலியில் மருத்துவமனையின் நிர்வாக அலுவலர், அயர்ன் மடிப்புக் கலையாத சட்டையில், இரண்டு நாள் பத்திரிகையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரோரம் டெக்னீஷியன் நின்றிருந்தாள். மெக்கானிக்கைப் போலீஸ் வெளியே தாழ்வாரத்தில் உட்கார வைத்திருந்தது.

“இன்னிக்குத் திருத்தம் போட்டிருக்கோம் சார்” என்று கொக்கி ஆரம்பித்தாள்.

“பார்த்தேனே” என்றார் நிர்வாக அலுவலர். “தவறு நேர்ந்துடுச்சுன்னு இருக்கு. என்ன தவறுன்னு இல்லையே. எழுத்துப்பிழையா இருக்கும்.” பிறகு புன்சிரிப்போடு சேர்த்துக்கொண்டார். “உங்க ஆபீஸ்ல இப்ப மெஷின்தான் எழுதுதாமே. இதையாவது நீங்க எழுதினீங்களா மேடம், இல்ல இதுவும் மெஷினா?”

பொய் சொன்னவன் சிரிக்கிறான். உண்மையைத் தேடிப் போனவள் வாயடைத்து நிற்கிறாள். அந்தச் சிரிப்பை அவன் கையில் கொடுத்ததே அவளுடைய பத்திரிகைதான்.

“ரெக்கார்டிங் அனுப்பியிருந்தேன் சார்” என்றாள் அதிகாரியிடம்.

“வந்துச்சும்மா. எங்க சிஸ்டத்துல போட்டுச் சுருக்கமும் எடுத்தாச்சு.” ஒரு தாளை எடுத்துப் படித்தார். “நிர்வாகம் ஃபில்டரை மாற்றச் சொன்னது. மெக்கானிக் தேவையில்லை என்று மறுத்தார். உங்க பேப்பர்ல வந்த மாதிரியேதானே இருக்கு? ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி வருதுன்னா சரியாத்தானே இருக்கணும்?”

ஒரே மாப்பிள்ளை ஊரிலுள்ள எல்லா வீட்டிலும் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தப்பை இரண்டு இடத்தில் சொன்னால் அதுவே சாட்சியாகிவிடுகிறது.

“நீங்க கேட்டீங்களா சார்?”

“ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுதும்மா. நான் இன்னிக்கு எத்தனை ஃபைல் பார்க்கணும் தெரியுமா?”

“முழுசா வேண்டாம். ஒரு நிமிஷம். உங்க காதால.”

“சார், இதெல்லாம் முறை இல்லை” என்று நிர்வாக அலுவலர் எழுந்தார். அவர் எழுந்து முடிப்பதற்குள் கொக்கி கைப்பேசியை மேசைமேல் வைத்து, சத்தத்தை முழுதாக ஏற்றி, அந்த இடத்தை ஓடவிட்டாள்.

மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே அந்தப் பெண்ணின் குரல் எழுந்தது. புருஷனைச் சொன்ன முதல் சொல்லில் மெல்லத் தாழ்ந்தது. அடுத்ததில் கடித்துத் துப்பியது. அவ்வளவுதான். அதிகாரியின் பேனா நின்றது.

“திரும்பப் போடுங்க.”

போட்டாள். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். சுவரோரம் நின்றவளைப் பார்த்தார். “முதல்ல சொன்ன அவங்க யாரும்மா?”

“எங்க வீட்டுக்காரர் சார்.”

“ரெண்டாவது?”

டெக்னீஷியன் விரல் நீட்டவில்லை. நின்றுகொண்டிருந்த நிர்வாக அலுவலரை மோவாயால் காட்டினாள். “இதோ நிக்கறாங்களே, இவங்க.”

“கேட்டாலே தெரியுதே” என்றார் அதிகாரி. தாளை மடித்து ஓரமாக வைத்தார்.

கொக்கிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்டாலே தெரிகிறதாம். அதைத்தானே நேற்றிலிருந்து இத்தனை பேரிடம் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு மனிதனை ராத்திரி முழுக்கக் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஒரு பெண்ணின் வேலையைக் காவு வாங்கிவிட்டு, பிறகு ஒரு நிமிஷம் காதைக் கொடுக்கிறார்கள். நிர்வாக அலுவலர் அதற்குள் வெளியே போய் யாருடனோ போனில் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கிவிட்டார். டெக்னீஷியனுக்கு இனிமேல் அங்கே வேலை இல்லை என்பதை அந்த முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மெக்கானிக்கை உள்ளே கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டு, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இப்போதைக்குப் போகலாம் என்று விட்டார்கள். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் இன்னும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்தது. தாழ்வாரத்துக்கு வந்ததும் மனைவி அவருடைய கைப்பையை வாங்கிக்கொண்டாள். கொக்கி எதிரே போய் நின்றாள்.

“நாங்க தப்புப் பண்ணிட்டோம் அண்ணே” என்றாள். “உங்க பேரைக் கெடுத்துட்டோம். அவங்களோட வேலையும் எங்களாலதான் போகுது. நாளைக்கு நானே என் பேரைப் போட்டு முழுசா எழுதறேன்.”

அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. ராத்திரி தூங்காத கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

“எழுதுங்க” என்றார். “அந்த ஃபில்டரை மாத்திட்டாங்களா?”

நேற்றுக் காலையிலிருந்து பெட்டி, திருத்தம், பதிவு, ஒரு சொல்லுக்கு யார் பொருள் என்று ஓடிய ஓட்டத்தில், ஆசிரியர் கேட்கவில்லை, போலீஸ் கேட்கவில்லை, அதிகாரி கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் கேள்வி போடுகிற அவளும் கேட்கவில்லை.

“இல்லைங்க” என்றாள் மனைவி. “ஷிஃப்டுல இருக்கற பொண்ணுகிட்ட இப்பத்தான் கேட்டேன். அதே தண்ணிதான். எல்லா படுக்கையும் ஃபுல்லாம்.”

கொக்கி திரும்பி அறைக் கதவைத் தள்ளினாள். அதிகாரி அடுத்த ஃபைலைப் பிரித்து வைத்திருந்தார்.